சேர்ந்து சொல்லுங்கள்

அவள் தமிழில் முணுமுணுத்ததைப் பிள்ளைகள் திருப்பிச் சொன்னதில் வியப்பு ஒன்றும் இல்லை. எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று அவர்களைப் பழக்கியவளே அவள்தான். ஆனால் அதை அவர்கள் ஒரு பிசிறு இல்லாமல் சொன்னார்கள். அதுதான் சரியாகப் படவில்லை.

மாலை வகுப்பு அது. ஜன்னலுக்கு வெளியே சீக்கிரமே இருட்டிவிட்டிருந்தது. நனைந்த மேல்கோட்டுகளின் ஈர வாடையும், வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரின் மருந்து நெடியும், சுவரோர ஹீட்டரில் வறுபடும் தூசியின் வாசனையும் கலந்து அந்தச் சின்ன அறையில் மூச்சுவிடவே இடமில்லாமல் இருக்க, கீழ்மாடியில் பல் டாக்டர் யாருடைய பல்லையோ குடையும் ஓசை தரை வழியாகவும் மேஜைக்கால் வழியாகவும் ஏறி அவள் கையூன்றியிருந்த விளிம்பில் வந்து சிணுங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ஆறேழு வயது இருக்கும். பகலெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்துக் களைத்தபின், பெற்றோரின் ஆங்கில ஆசைக்காக இந்தத் தனியார் மொழிப் பள்ளியில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். அவர்கள் மொழி அவளுக்குத் தெரியாது, அவள் மொழி அவர்களுக்குத் தெரியாது, நடுவில் இருந்த ஆங்கிலமோ இன்னும் அவர்கள் பக்கம் போய்ச் சேரவில்லை.

பள்ளியின் முறை எளிமையானது. டீச்சர் ஒரு வாக்கியம் சொல்வாள். பிறகு உள்ளங்கையைக் குவித்துக் காதோரம் வைப்பாள். உடனே மொத்த வகுப்பும் அதைச் சேர்ந்து சொல்ல வேண்டும். விளக்கம் கிடையாது, மொழிபெயர்ப்பு கிடையாது, அர்த்தம் புரிந்ததா என்ற கேள்வியும் கிடையாது. மூளைக்குப் புரிவது பிறகு புரியட்டும், முதலில் வாய் பழகட்டும் என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார்கள். கை காதுக்குப் போனால் வாய்கள் திறக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒன்றை மட்டும் பிள்ளைகள் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஒருநாள் அவள் காதை லேசாகச் சொறிந்துவிட்டாள், அதற்கும் கத்தினார்கள்.

அன்றைய வாக்கியம் ‘ஐ வுட் லைக் சம் வாட்டர், ப்ளீஸ்.’ அன்றைய வாக்கியம் என்று சொல்வதுகூடப் பொய். இந்தப் பாடப் பருவம் தொடங்கியதிலிருந்தே இந்தத் தண்ணீரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முன்வரிசையில் மூக்கொழுகி, அவனுக்குப் பக்கத்தில் பென்சில் கடிப்பவள், ஜன்னலோரம் கொட்டாவிக்காரன் என்று எல்லோருக்கும் அவள் மனசுக்குள் ஒரு பெயர் வைத்திருந்தாள். எல்லோரும் சேர்ந்து கத்தினால் ‘ஐ லை சம்மாத்தா பீ’ என்று ஒரு ஓலம் எழும். தொண்டைத் தண்ணி வற்ற அவள் மறுபடி சொல்வாள். மறுபடி அதே ஓலம்.

“ஏன்டா இப்படி என் உயிர வாங்குறீங்க” என்று அவள் தமிழில் முணுமுணுத்தாள். கை காதோரமே இருந்ததை மறந்துவிட்டாள்.

“ஏன்டா இப்படி என் உயிர வாங்குறீங்க” என்றது வகுப்பு.

தெளிவாக. ஒரே குரலில். அவள் ஊர்த் தெருவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சொல்வதைப் போல.

ஒரு கணம் அவளுக்கு உடம்பெல்லாம் சில்லிட்டது. அடுத்த கணம் சிரிப்புப் பீறிட்டது. பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் சட்டென்று மூலையில் இருந்த கேமராவைப் பார்த்தாள். வாசலைத் தாண்டி உள்ளே வந்தால் ஆங்கிலம் தவிர வேறெதுவும் பேசக்கூடாது என்பது பள்ளியின் சட்டம், பிள்ளைக்கும் டீச்சருக்கும் சேர்த்து. நல்லவேளை, அந்தக் கேமராவுக்குக் கண் உண்டு, காது இல்லை. பெருமூச்சு விட்டுவிட்டு, கடமைக்கு இன்னொரு முறை தண்ணீரைக் கேட்டாள்.

“ஐ வுட் லைக் சம் வாட்டர், ப்ளீஸ்” என்றார்கள் பிள்ளைகள். ஒரு எழுத்துக்கூடத் தப்பவில்லை.

அவள் இந்த ஊருக்குத் தனியாக வந்தவள். கணவனும் நாலு வயது மகளும் ஊரில் இருந்தார்கள். ஒப்பந்தத்தை நீட்டித்தால் குடும்பத்தை அழைத்துக்கொள்ள விசா கிடைக்கும். நீட்டிப்பது பள்ளியின் தலைவி கையில் இருந்தது. அந்த அம்மாளுக்கு அவள் வைத்த பெயர் சிரிப்புக்காரி. நல்ல செய்தியானாலும் கெட்ட செய்தியானாலும் முகத்தில் ஒரே சிரிப்புதான். போன வாரம் கூப்பிட்டு உட்காரவைத்து, பிள்ளைகள் வாய் திறந்தால் ஒன்றும் புரியவில்லை என்று பெற்றோர் வருத்தப்படுவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாள். பருவ முடிவில் திறந்த வகுப்பு வருகிறது, பெற்றோர் எல்லோரும் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தைப் பேசுவோம் என்றும் சிரித்தாள். டீச்சருக்கு எழுந்து அந்தச் சிரிப்பைத் துடைத்தெறிய வேண்டும்போல் இருந்தது. படித்த படிப்பென்ன, இங்கே படும் பாடென்ன என்று அன்று முழுக்க மனசுக்குள் பொருமிக்கொண்டே இருந்தாள்.

ஆகவே, ஒரு தமிழ் வாக்கியத்தைச் சொல்லவைத்தால் அடுத்து வரும் ஆங்கிலம் சுத்தமாக வருகிறது என்று கண்டபோது, அது ஏன் என்று அவள் யோசிக்கவில்லை. கிடைத்ததே போதும் என்றிருந்தது. மறுநாள் வகுப்பு தொடங்கியதும், கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, என்ன சொல்லலாம் என்று யோசித்தாள். வாயில் வந்தது மகள் அடிக்கடி சொல்லும் ஒன்று.

“பூச்சாண்டிக்கு என்னப் பாத்தா பயம்.”

கை காதுக்குப் போனது. வகுப்பு சொன்னது. அந்தச் சின்ன வாய்களிலிருந்து அது வந்த விதத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மகளைப் பிரிந்து வந்தபிறகு அந்தப் பேச்சைத் திரையில்தான் கேட்டிருக்கிறாள். இப்போது எதிரில், சூடான மூச்சோடு, காது குளிரக் கேட்டாள். ஆசை தீராமல் இன்னொரு முறை சொல்லவைத்தாள். அப்புறம் ஆங்கிலப் பாடம் தண்ணீராக ஓடியது.

அதிலிருந்து தினம் ஒன்று. “நிலா எங்க வீட்டு மாடியிலதான் தூங்கும்.” “அப்பா பொய்க் குறட்டை விடுறாரு.” “நான் இப்ப பூனை, என்கூட யாரும் பேசாதீங்க.” எல்லாம் மகளின் சரக்கு. அவளை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். காலையில் கண் விழித்ததும் தொடங்கினால் தூங்கும்வரை வாய் ஓயாது. அவளிடம் இல்லாத பேச்சா? எடுத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம் என்று டீச்சர் நினைத்தாள்.

வகுப்பு முடிந்ததும் அவள் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படி முனைக்குப் போவாள். தீயணைப்புக் கதவுக்குப் பக்கத்தில் அந்த ஒரு இடத்தில்தான் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும். ஊரில் அப்போது மதிய நேரம். கணவன் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவன். மடிக்கணினியை ஒரு பக்கமும் மகளை ஒரு பக்கமும் வைத்துக்கொண்டு பேசுவான். அந்த வாரத்தில் ஒருநாள் மகள் திரையில் தலையை மட்டும் ஆட்டினாள்.

“என்னங்க, வாயாடி ஏன் பேசமாட்டேங்குறா?”

“பூனையா இருக்கா போல. நேத்துல இருந்து இதே விளையாட்டுதான்” என்றான் கணவன். “நானும் நிம்மதியா ரெண்டு வேல பாக்குறேன்.”

அவளும் சிரித்தாள். ஆனால் பூனையாக இருக்கும்போது மகள் மியாவ் என்று கத்திக் காதைத் துளைப்பாளே என்று போனை வைத்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. படிக்கட்டில் இறங்கும்போது அது ஒரு சிறு முள்ளாக நெருடியது. அப்புறம் பேருந்தைப் பிடிக்க ஓடியதில் மறந்துபோனது.

வகுப்பு முன்னேறியது. கேமரா வழியாக வகுப்பை வரவேற்பறைத் திரையில் பார்த்த பெற்றோர், பிள்ளைகளின் வாயசைவே மாறிவிட்டதாகச் சொன்னார்களாம். சிரிப்புக்காரி வழியில் நிறுத்தி அவள் தோளைத் தட்டினாள். இந்த ஒரு தட்டலுக்காக எத்தனை மாதம் நாயாக உழைத்திருக்கிறோம் என்று டீச்சருக்கு எரிச்சல்தான் வந்தது, சந்தோஷம் வரவில்லை. ஆனாலும் சிரிப்புக்காரியின் வாயிலிருந்து விசா என்ற சொல் காதில் விழுந்தது. அதற்காக எதையும் பொறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

பிறகு ஒருநாள் கணவன் முகத்தில் சிரிப்பில்லை.

“டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்” என்றான். “தொண்டையில ஒண்ணும் இல்லையாம். நாக்கு, காது எல்லாம் நல்லா இருக்காம். நீ பக்கத்துல இல்லாத ஏக்கம்னு சொல்றாங்க.”

மகள் திரைக்கு அருகில் வந்தாள். அவளுக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது, அது முகத்திலேயே தெரிந்தது. வாயைத் திறந்தாள். உதடுகள் அசைந்தன, தொண்டை அசைந்தது, கழுத்து நரம்புகூடப் புடைத்தது. பின்னால் மின்விசிறி சுற்றும் சத்தம் கேட்டது, தெருவில் வண்டி போகும் சத்தம் கேட்டது. அவள் சத்தம் மட்டும் இல்லை.

“பூச்சாண்டிக்கு யாரப் பாத்தா பயம், சொல்லு பாக்கலாம்?” என்று டீச்சர் தூண்டிப் பார்த்தாள். மகள் அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் அழுகை இல்லை, பிடிவாதம் இல்லை. சாமான் வைத்த இடத்தில் அது இல்லாதபோது பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாள்.

தீயணைப்புக் கதவின் அடியிலிருந்து வந்த குளிர்காற்று கணுக்காலைச் சுற்றிக்கொண்டது. பூச்சாண்டி, நிலா, குறட்டை, பூனை. ஒவ்வொன்றாக மனசுக்குள் அடுக்கிப் பார்த்தாள். அவள் எதை எதை இங்கே சொல்லவைத்தாளோ அதெல்லாம். சீச்சீ, இதென்ன பைத்தியக்கார எண்ணம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஆனால் திட்டு உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் அவள் தமிழ் பேசவில்லை. கையைக் காதுக்குக் கொண்டுபோகவும் இல்லை. இரண்டு கைகளையும் மேல்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, பலகையில் படம் ஒட்டி, பிள்ளைகளை வரையச் சொன்னாள். அறை அமைதியாக இருந்தது. கலர்ப் பென்சில்கள் காகிதத்தில் உரசும் ஓசை. ஹீட்டரின் டிக், டிக். கீழே பல் குடையும் ஓசை நின்றிருந்தது. பிள்ளைகள் தலை குனிந்து வரைந்துகொண்டிருந்தார்கள்.

தலை நிமிராமலே, எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

“அப்பா, ஜன்னல மூடாத.”

அவள் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை.

அவள் வரிசைக்குள் நடந்தாள். எந்தப் பிள்ளையின் வேலை இது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்ற வெறி அவளுக்கு வந்தது. மூக்கொழுகி பக்கம் குனிந்தாள். அவன் வாய் அசைந்தது. மகளின் குரல். பென்சில் கடிப்பவள் பக்கம் திரும்பினாள். மகளின் குரல். கொட்டாவிக்காரன். அதே குரல். அதே மெல்லிய கரகரப்பு, அதே கடைசிச் சொல்லை இழுக்கும் பழக்கம். ஒளிந்திருந்து பேசுகிறவர் என்று யாரும் இல்லை. எந்த வாய்க்கு அருகில் குனிந்தாலும் அங்கே மகள் இருந்தாள். பிள்ளைகள் வரைவதை நிறுத்தவே இல்லை. சூரியனுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார்கள்.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படி முனைக்கு ஓடினாள். போன் அடித்து முடியும் சமயத்தில் கணவன் எடுத்தான்.

“என்னங்க, இப்ப ஜன்னல மூடினீங்களா?”

“ஆமா, தூங்க வைக்கலாம்னு. உனக்கு எப்படித் தெரியும்?”

“அவ ஏதாவது சொன்னாளா?”

“வாயத் தொறந்தா. சத்தம்தான் வரல” என்றான். பிறகு அவன் குரல் உடைந்தது. “எனக்குப் பயமா இருக்கும்மா. நீ வந்துடேன்.”

அன்றே சிரிப்புக்காரியின் அறைக்குப் போய் விடுப்புக் கேட்டாள். மகளுக்கு உடம்பு சரியில்லை என்றாள். சிரிப்புக்காரி மிகவும் வருத்தமாகச் சிரித்தாள். திறந்த வகுப்பு நாளை மறுநாள், அது முடிந்ததும் தாராளமாகப் போகலாம், ஏன், வரும்போது மகளையே அழைத்து வந்துவிடலாம் என்றாள். டீச்சரின் பாஸ்போர்ட் விசாப் பதிவுக்காகக் குடியேற்ற அலுவலகத்துக்குப் போயிருப்பதையும் நினைவுபடுத்தினாள். டீச்சர் ஆத்திரத்தோடு மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்த ஊரில் வந்து விழுந்த நாளிலிருந்து எல்லாமே இப்படித்தான். கையைக் கட்டிப்போட்டுவிட்டுக் கைகுலுக்குகிறார்கள். தன் மேலும் கோபம் வந்தது, தலைவி மேல் வந்ததைவிட அதிகமாகவே வந்தது. பெற்ற பிள்ளையை அழைத்து வருவதற்காக, அந்தப் பிள்ளையின் பேச்சையே தினம் ஒரு வாயாக எடுத்து ஊட்டியிருக்கிறோமே என்று நினைத்தபோது நெஞ்சு எரிந்தது.

திறந்த வகுப்பன்று பெற்றோர் சீக்கிரமே வந்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, பிள்ளைகளுக்கான குட்டி நாற்காலிகளிலேயே அவர்களும் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். திறந்த வகுப்பில் பெற்றோரும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்பது இங்கே வழக்கம். வீட்டில் பிள்ளைகளைப் பழக்க அது உதவுமாம். கதவருகே சிரிப்புக்காரி. வாசனைத் திரவியமும் ஈரக் குடைகளின் ரப்பர் வாடையும் கலந்து அறையில் தேங்கி நின்றன. அத்தனை பேர் மூச்சில் ஜன்னல் கண்ணாடி வெளுத்துப்போய், வெளியே இருந்த தெருவே தெரியவில்லை.

தொடங்குவதற்கு முன்னால் போன் அதிர்ந்தது. கணவனின் செய்தி. காலையிலிருந்து உன் படத்தைத் தொட்டுத் தொட்டு வாயை மட்டும் திறக்கிறாள், அம்மா என்ற சொல்கூட வரவில்லை என்று எழுதியிருந்தான்.

அவள் நிமிர்ந்தாள். பிள்ளைகள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையைத் தூக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை.

“அம்மா” என்றார்கள் பிள்ளைகள்.

பின்வரிசையில் சிலர் புன்னகைத்தார்கள். எந்த ஊரிலும் புரிகிற சொல்தானே.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. யோசனை என்றுகூடச் சொல்ல முடியாது, மூழ்குகிறவள் கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பது அது. சொல்லிக்கொடுத்துத்தானே போனது? அப்படியானால் சொல்லிக்கொடுத்தால் திரும்ப வராதா? அவர்கள் சொல்லட்டும், மகள் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். வேறென்ன தெரியும் அவளுக்கு? பிள்ளைகளை வாய் திறக்கவைக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான். கேமராவும் தலைவியும் விசாவும் எக்கேடோ கெடட்டும் என்று போனை எடுத்து வீடியோவில் கூப்பிட்டாள்.

கணவன் எடுத்தான். மடியில் மகள். தலை வாரவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. டீச்சர் ஒலியை முழுக்கக் கூட்டி, போனை வகுப்பின் பக்கம் திருப்பிப் பிடித்தாள். பெற்றோர் இதுவும் பாடத்தில் சேர்ந்தது என்று நினைத்து ஆர்வத்தோடு முன்னால் சாய்ந்தார்கள்.

“கண்ணு, இவங்க சொல்றதக் கேளு” என்றாள் தமிழில், எல்லோர் எதிரிலும். “கேட்டு நீ சொல்லு. அம்மா சொல்லிக்குடுக்குறேன், சரியா?”

மகள் தலையாட்டினாள்.

“அம்மா” என்றார்கள் பிள்ளைகள்.

மகளின் உதடுகள் பிரிந்தன. மெல்ல. டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். போனைத் தன் பக்கம் திருப்பி முகத்தோடு ஒட்டிக்கொண்டாள். ஒரு முனகல். ஒரு காற்று. ஏதாவது. ஹீட்டர் சத்தம் இடைஞ்சலாக இருந்தது. சரியாகக் கேட்பதற்காக, இன்னொரு கையைக் குவித்துக் காதோரம் வைத்துக்கொண்டாள்.

போனில் கணவன் சொன்னான்: “சொல்லுடா கண்ணு, பயப்படாத. அப்பா இருக்கேன்ல.”

“சொல்லுடா கண்ணு, பயப்படாத. அப்பா இருக்கேன்ல.”

இரண்டாவது முறை வந்தது போனிலிருந்து இல்லை. பிள்ளைகளிடமிருந்தும் இல்லை. சுவரோரத்திலிருந்து. பெரியவர்களின் வாயிலிருந்து. ஆண்கள், பெண்கள் எல்லோரும். கனத்த குரல், தூக்கமில்லாத குரல், அவள் கணவனின் குரல். பிசிறே இல்லை.

அவள் கையைக் கீழே இழுத்தாள். இழுத்த பிறகுதான் கை எங்கே இருந்தது என்று தெரிந்தது.

திரையில் கணவன் பேசிக்கொண்டிருந்தான். வாய் அசைந்தது. ஒன்றும் வரவில்லை. அவன் நிறுத்தினான். மறுபடி முயன்றான். தொண்டையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு விரலால் போனைத் தட்டினான்.

டொக். டொக்.

தட்டல் கேட்டது. மின்விசிறி கேட்டது. தெருவில் யாரோ மணியடித்துக்கொண்டு போனது கேட்டது.

“என்னாச்சு? நான் பேசுறது கேக்குதா?” என்று சுவரோரத்திலிருந்து கணவன் கேட்டான். குட்டி நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த முகமாக அதைச் சொன்னார்கள். இவ்வளவு கடினமான வாக்கியத்தை இவ்வளவு அழகாகச் சொல்ல முடிந்ததே என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்புக்காரிதான் முதலில் கைதட்டினாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கைதட்டல் ஓய்ந்தது.

திரையில் மகள் அப்பாவின் வாயைத் தன் சின்ன விரல்களால் தொட்டுப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன.

“அம்மா, எப்ப வருவ?” என்றார்கள் பிள்ளைகள்.

பதில் சொல்ல வேண்டும். இதோ வரேன் கண்ணு என்று சொல்ல வேண்டும். நாக்குவரை வந்துவிட்டது. உதடுவரை வந்துவிட்டது.

அவள் பற்களை இறுகக் கடித்துக்கொண்டாள்.

அறையில் யாரும் அசையவில்லை. முன்வரிசை. பின்வரிசை. கதவருகே சிரிப்புக்காரி. எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், கனிவாக, பொறுமையாக. அத்தனை பேர் வாயும் லேசாகத் திறந்தபடி, அவள் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தன.